ஐரிஷ் இசைக்குழுக்களின் ஆல்பங்கள்: எதை முதலில் வாங்கலாம், எதைத் தள்ளிப் போடலாம்

ஒரே பாட்டு. கார்க், கெர்ரி மலைப்பக்கம் வழிப்பறி செய்கிற ஒருவன் ஒரு கேப்டனை மடக்கிப் பணத்தைப் பிடுங்கிக்கொண்டு வந்து காதலியிடம் கொடுக்கிறான், அவள் அவனைக் காட்டிக்கொடுத்துவிடுகிறாள், அவ்வளவுதான் கதை. 'விஸ்கி இன் த ஜார்'. டப்ளினர்ஸ் குழு அதை பாஞ்சோ அடித்துக்கொண்டு ஊரே சேர்ந்து பாடுகிற மாதிரி பாடியிருக்கிறது. 1972-ல் தின் லிஸி என்ற ராக் குழு அதே பாட்டை எடுத்து வேகத்தைக் குறைத்து, எரிக் பெல்லின் அந்த முதல் கிடார் வரியை முன்னால் வைத்ததும் ஏமாந்தவனின் வலி வெளியே வந்துவிட்டது. அதுவரை கூத்தும் கும்மாளமுமாக இருந்த பாட்டு அது. 1998-ல் அமெரிக்க மெட்டல் குழுவான மெட்டாலிகா வரைக்கும் போய்விட்டது.

டப்ளினர்ஸையும் தின் லிஸியையும் அடுத்தடுத்துக் கேட்ட ராத்திரியில்தான் எனக்கு இந்தப் பித்து பிடித்தது. அதன் பிறகு ஒரு வருஷமாக ஐரிஷ் குழுக்களின் ஆல்பங்களாகத் தேடி வாங்கிக்கொண்டிருக்கிறேன், சிலது வினைல், சிலது சிடி, மீதி ஸ்ட்ரீமிங். ராக், பங்க், நாட்டார் இசை, பாய்பேண்ட், ராப் என்று வகை வித்தியாசம் பார்க்கவில்லை. ஒவ்வொன்றிலும் நான் தேடியது ஒன்றைத்தான்: அந்த நாட்டில் எல்லாருடைய வீட்டிலும் கிடக்கிற பழைய பாட்டை இந்தக் குழு என்ன செய்தது? கையில் எடுத்து விளையாடியதா, துடைத்துப் போட்டதா, கண்ணாடிப் பெட்டிக்குள் வைத்ததா? நல்ல குழு எது, சுமாரான குழு எது என்று பிரிக்க எனக்கு இதைவிட நல்ல அளவுகோல் கிடைக்கவில்லை.

முதலில் வாங்க வேண்டியது பிளாங்ஸ்டியின் முதல் ஆல்பம், 1973-ல் வந்தது. கருப்பு அட்டை, குழுவின் பெயரே ஆல்பத்துக்கும் பெயர். கிறிஸ்டி மூர், ஆன்டி இர்வின், டோனல் லன்னி, லியாம் ஓஃப்ளின் என்று நான்கு பேர். டிரம்ஸ் கிடையாது, மின்சார கிடார் கிடையாது, ஆனாலும் இதில் இருக்கிற விசை பல ராக் ஆல்பங்களில் இல்லை. முதல் பாட்டில் பணக்கார வீட்டுப் பெண் ஒருத்தி புருஷனையும் பஞ்சு மெத்தையையும் விட்டுவிட்டு நாடோடிகளோடு போய்விடுகிறாள். இந்தப் பாட்டை கிறிஸ்டி மூர் கற்றுக்கொண்டது ஜான் ரைலி என்ற பாடகரிடமிருந்து, அவரே அயர்லாந்தின் நாடோடிச் சமூகத்தைச் சேர்ந்தவர். பாட்டு முடியப் போகிறது என்று நினைக்கிற இடத்தில் அது முடியாமல், ஓஃப்ளினின் குழல் மேலெழுந்து இன்னொரு மெட்டுக்குள் நம்மைக் கூட்டிப்போகிறது. அது கண் தெரியாத ஒரு யாழ்க் கலைஞர் பல நூற்றாண்டுகளுக்கு முன்னால் போட்டதாகச் சொல்லப்படும் மெட்டு, ஐரிஷ் மொழியில் அதன் பெயருக்கு 'உன் கையைத் தா' என்று அர்த்தம். அந்த மாற்றம் நடக்கிற சில விநாடிகளுக்காக மட்டுமே நான் இந்த ஆல்பத்தை எத்தனை முறை போட்டிருப்பேன் என்று கணக்கில்லை.

அந்தக் குழலைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். இல்லன் பைப்ஸ் என்று பெயர், இல்லன் என்றால் ஐரிஷில் முழங்கை. ஸ்காட்லாந்து பைப் மாதிரி வாயால் ஊதுவதில்லை, கைக்கு அடியில் ஒரு துருத்தியைக் கட்டிக்கொண்டு முழங்கையால் அழுத்திக் காற்று கொடுக்கிறார்கள். அதனால் சத்தம் காதைக் கிழிக்காது, வீட்டுக்குள் உட்கார்ந்து வாசிக்கலாம், வாசிக்கிறவர் மூச்சு வாங்க நிறுத்த வேண்டியதும் இல்லை. அடியில் ஒரு சுருதி நிற்காமல் ஓடிக்கொண்டே இருக்கும், நாகஸ்வரத்துக்கு ஒத்து நிற்கிற மாதிரி. ஒத்து கேட்டு வளர்ந்த காதுக்கு இந்த இசை அந்நியமாகத் தோன்றவே தோன்றாது. இன்னொரு விஷயம், லன்னி வாசிக்கிற புஸுக்கி கிரேக்க நாட்டுத் தந்தி வாத்தியம். 1960களில் ஜானி மொய்னிஹன் அதை ஐரிஷ் இசைக்குள் கொண்டுவந்தார், இன்று அது இல்லாத கச்சேரி குறைவு. பரம்பரை இசை என்று நாம் நினைக்கிற ஒலியில் பாதி அந்தத் தலைமுறை கண்டுபிடித்தது என்பது தெரிந்தபோது எனக்கு ஆச்சரியமாகத்தான் இருந்தது. கடைசிப் பாட்டின் முடிவில் தாளம் திடீரென்று பால்கன் நாடுகள் பக்கம் திரும்பும், இர்வின் அந்தப் பக்கம் அலைந்து திரிந்துவிட்டு வந்தவர். யாரும் அதைத் தவறு என்று சொல்லவில்லை. கேட்க அவ்வளவு நன்றாக இருக்கிறது.

வாங்கும்போது ஒரு எச்சரிக்கை. பழைய வினைல்களை ஆன்லைனில் விற்கும் ஒரு இடத்தில் நான் இதை முதலில் வாங்கியபோது தட்டு வளைந்து வந்து சேர்ந்தது, ஒவ்வொரு சுற்றுக்கும் ஊசி குதித்தது, பணத்தைத் திரும்ப வாங்க மூன்று வாரம் மல்லுக்கட்ட வேண்டியிருந்தது. விற்பவரிடம் தட்டைப் பக்கவாட்டில் வைத்து எடுத்த படம் கேளுங்கள். அது இல்லையா, சிடியே போதும், இந்த ஆல்பத்துக்கு ஒன்றும் குறையாது.

தின் லிஸிக்கு வருவோம். 'விஸ்கி இன் த ஜார்' தனி சிங்கிளாக வந்தது, அன்றைய ஆல்பம் எதிலும் இல்லை, ஆகவே அதற்காக ஆல்பம் வாங்கி ஏமாறாதீர்கள், தொகுப்பில் தேடுங்கள். ஆல்பம் என்றால் 1976-ல் வந்த 'ஜெயில்பிரேக்'. பாடகரும் பேஸ் கலைஞருமான ஃபில் லினட்டின் அம்மா ஐரிஷ்காரர், அப்பா அன்றைய பிரிட்டிஷ் கயானாவிலிருந்து வந்தவர், லினட் வளர்ந்தது டப்ளினின் க்ரம்லினில் பாட்டி வீட்டில். எல்லாரும் இந்த ஆல்பத்தை வாங்குவது 'த பாய்ஸ் ஆர் பேக் இன் டவுன்' பாட்டுக்காக, அது நல்ல பாட்டுதான். ஆனால் நீங்கள் கடைசியில் இருக்கும் 'எமரால்ட்' பாட்டுக்குப் போங்கள். இரண்டு கிடார்கள் ஒரே மெட்டைச் சேர்ந்து வாசித்துப் பின் ஒன்றையொன்று துரத்துகின்றன, அந்த மெட்டு அப்படியே பழைய நடன மெட்டின் சாயலில் இருக்கிறது, வயலினும் குழலும் வாசிக்க வேண்டியதை ஸ்காட் கோரமும் பிரையன் ராபர்ட்சனும் கிடாரில் வாசிக்கிறார்கள். ஒருவர் அமெரிக்கர், ஒருவர் ஸ்காட்லாந்துக்காரர் என்பதும் குறிப்பிட வேண்டியது. லினட் 1986 ஜனவரியில் இறந்தார், 36 வயது. டப்ளின் ஹாரி தெருவில் அவருக்கு வெண்கலச் சிலை இருக்கிறது.

சரி, க்ரான்பெரீஸ். இவர்களைப் பற்றி எனக்கு நிதானமாக எழுத வராது. லிமரிக்கில் சகோதரர்கள் நோயல், மைக் ஹோகனும் டிரம்ஸ் வாசித்த ஃபெர்கல் லாலரும் ஒரு பாடகர் தேடிக்கொண்டிருந்த நேரத்தில் 1990-ல் வந்து சேர்ந்தவர் டோலரஸ் ஓ'ரியார்டன். வார்த்தை இல்லாத கிடார் வரிசைகளைக் கேட்டு அவர் வரிகள் எழுதிக்கொண்டு வந்த பாட்டுதான் 'லிங்கர்'. 1993-ல் வந்த முதல் ஆல்பம் ஆரம்பத்தில் கவனிக்கப்படவே இல்லை, அமெரிக்கத் தொலைக்காட்சியில் இந்தப் பாட்டு ஓட ஆரம்பித்த பிறகுதான் திரும்பிப் பார்த்தார்கள். குரலைக் கவனியுங்கள், ஒரு சுரத்திலிருந்து மேலே போகும்போது தொண்டையில் ஒரு உடைப்பு விழும், வேண்டுமென்றே விழும், மேற்கத்திய பாப்பில் அதை ஒரு குறையாக நினைத்துத் திருத்தியிருப்பார்கள். அவர் திருத்தவில்லை. லிமரிக் உச்சரிப்பையும் மாற்றிக்கொள்ளவில்லை. 'ட்ரீம்ஸ்' பாட்டின் முடிவில் வார்த்தையே இல்லாமல் அவர் சுழற்றிப் பாடுகிற பகுதியில் அந்த நாட்டு ஒப்பாரியும் தாலாட்டும் இரண்டும் கேட்கின்றன. இந்த இசையில் பழசு எங்கே என்று கேட்டால் அங்கேதான் இருக்கிறது, ஒரு வாத்தியத்திலும் இல்லை, தொண்டையில் இருக்கிறது.

இரண்டாவது ஆல்பம் 1994-ல் வந்தது, அதில்தான் 'ஸோம்பி'. 1993 மார்ச்சில் இங்கிலாந்தின் வாரிங்டனில் ஐஆர்ஏ என்ற ஐரிஷ் ஆயுதக் குழு வைத்த குண்டுகளில் 3 வயதும் 12 வயதுமான இரண்டு சிறுவர்கள் செத்துப்போன பிறகு எழுதியது. பாட்டை வெறும் கோபப் பாட்டாகக் கேட்டுப் பழகியவர்கள் இதைத் தெரிந்துகொண்டு மறுபடி கேளுங்கள், முதல் வரியிலேயே ஒரு தலை தாழ்ந்து தொங்குகிறது, ஒரு குழந்தையை மெல்ல எடுத்துச் செல்கிறார்கள். இரண்டில் எது என்றால் நான் முதல் ஆல்பத்தைத்தான் வாங்கச் சொல்வேன், இரண்டாவதின் பிற்பாதி கொஞ்சம் இழுக்கிறது. அப்புறம் 2019-ல் வந்த 'இன் தி எண்ட்'. டோலரஸ் 2018 ஜனவரியில் இறந்துவிட்டார். அவர் ஏற்கனவே பாடிவைத்திருந்த ஒத்திகைப் பதிவுகளைச் சுற்றி மற்ற மூவரும், முதல் ஆல்பத்தைத் தயாரித்த அதே ஸ்டீஃபன் ஸ்ட்ரீட்டோடு சேர்ந்து, இசையைக் கட்டி முடித்தார்கள். முதல் ஆல்பத்தைக் கேட்ட அதே நாளில் இதைக் கேட்காதீர்கள். சில மாதம் போகட்டும்.

யூ2 பற்றிப் புதிதாகச் சொல்ல என்ன இருக்கிறது என்று தோன்றலாம். 1976-ல் டப்ளின் மவுண்ட் டெம்பிள் பள்ளியின் அறிவிப்புப் பலகையில் லாரி மல்லன் என்ற பையன் ஒரு சீட்டு ஒட்டியதில் ஆரம்பித்தது இந்தக் குழு. 'த ஜோஷுவா ட்ரீ' 1987-ல் வந்தது, பிரையன் ஈனோவும் டேனியல் லன்வாவும் தயாரித்தது, கிராமியில் ஆண்டின் சிறந்த ஆல்பம் என்ற விருதும் வாங்கியது. முதல் மூன்று பாட்டும் எல்லா இடத்திலும் ஓடிக்கொண்டிருக்கின்றன, அதனால் நாம் அவற்றைக் கேட்பதையே நிறுத்திவிட்டோம். நேராக இரண்டாம் பக்கத்துக்குப் போங்கள். அவர்களோடு வேலை பார்த்த ஒரு நியூசிலாந்து இளைஞர் டப்ளினில் மோட்டார் சைக்கிள் விபத்தில் இறந்ததற்காக எழுதிய 'ஒன் ட்ரீ ஹில்' அங்கே இருக்கிறது, அர்ஜென்டினாவில் காணாமல் போன பிள்ளைகளின் தாய்மார்களுக்காகப் பாடிய கடைசிப் பாட்டும் அங்கே இருக்கிறது. கிடார் கலைஞர் தி எட்ஜ் வாசிக்கிற சுரங்கள் குறைவுதான், எதிரொலிக் கருவி ஒவ்வொன்றையும் தாளத்துக்குப் பொருந்த இன்னொரு முறை திருப்பிக் கொடுக்க, ஒருவர் வாசித்தது இருவர் வாசித்த மாதிரி கேட்கிறது. என் அளவுகோலில் இவர்கள் நடுவில் நிற்கிறார்கள். பழைய பாட்டை நேரடியாகத் தொடவில்லை, பார்வை முழுக்க அமெரிக்கா பக்கம் இருக்கிறது, ஆனால் துக்கத்தைக் கூட்டமாகப் பாடித் தீர்க்கிற பழக்கம் வந்தது ஊரிலிருந்துதான் என்று எனக்குப் படுகிறது.

மை பிளடி வாலன்டைனின் 'லவ்லெஸ்', 1991. குழு ஆரம்பித்தது 1983-ல் டப்ளினில், அப்புறம் லண்டனுக்குப் போய்விட்டார்கள். இரண்டு வருஷத்துக்கு மேல், ஸ்டூடியோ மாற்றி ஸ்டூடியோ என்று பதிவு செய்த ஆல்பம். கெவின் ஷீல்ட்ஸ் கிடாரின் டிரெமலோ கம்பியைக் கையிலேயே பிடித்துக்கொண்டு தந்திகளை அடிக்கிறார், அதனால் சேர்ந்து ஒலிக்கிற சுரங்களின் ஒவ்வொரு தொகுதியும் சுருதி நிலைக்காமல் மேலும் கீழும் மெல்ல வழுக்குகிறது. முதல் தடவை கேட்டபோது என் ஸ்பீக்கர் கெட்டுவிட்டதோ என்று எழுந்து போய்ப் பார்த்தேன். குரல்கள் அடியில் புதைந்து கிடக்கும், வார்த்தை பிடிபடாது, பிடிக்க முயலவும் வேண்டாம். ஃபோன் ஸ்பீக்கரில் இதைப் போட்டால் இரைச்சல் மட்டும்தான் கிடைக்கும். நல்ல ஹெட்ஃபோன் இருந்தால் மட்டும் வாங்குங்கள், இல்லையென்றால் இப்போதைக்குத் தள்ளிப் போடுங்கள்.

கிளனாட், டோனகலின் குவீடோர் பகுதியைச் சேர்ந்த ஒரு குடும்பம், பிரென்னன் வீட்டுப் பிள்ளைகளும் அவர்களின் இரட்டை மாமாக்களும். எல்லாரும் வீட்டில் ஐரிஷ் பேசுகிறவர்கள். 1982-ல் ஒரு தொலைக்காட்சித் தொடருக்காக ஐரிஷில் பாடிய 'ஹேரிஸ் கேம்' முகப்புப் பாட்டு பிரிட்டிஷ் பட்டியலில் 5-ம் இடம் வரை போனது. அந்த ஒரு பாட்டுக்காக 'மேஜிக்கல் ரிங்' வாங்கலாம், அதன் பிறகு வந்தவற்றில் சிந்தசைசர் பனிமூட்டம் அதிகம். கோர்ஸ், டண்டால்க்கைச் சேர்ந்த மூன்று அக்கா தங்கைகளும் அண்ணனும்: 1995-ல் வந்த முதல் ஆல்பத்தில் பாடல் இல்லாமல் வயலினும் விசில் என்கிற சின்னக் குழலும் மட்டும் ஓடுகிற இசைத்துண்டுகளை விட்டுவிடாதீர்கள், இவர்கள் எவ்வளவு நன்றாக வாசிப்பார்கள் என்பது அங்கேதான் தெரிகிறது. வெஸ்ட்லைஃப் பிரிட்டனில் 14 பாட்டுகளை முதலிடத்துக்குக் கொண்டுபோன குழு, முதல் ஏழும் வரிசையாக. குரல்கள் சுத்தம், ஷேன் ஃபிலனும் மார்க் ஃபீலியும் நிஜமாகவே நன்றாகப் பாடுகிறவர்கள், 'ஃப்ளையிங் வித்தவுட் விங்ஸ்' இன்றும் நிற்கிறது. ஆனால் ஒரு முழுத் தொகுப்பை ஒரே மூச்சில் கேட்டால் எந்த ஊர்க்காரர்கள் என்றே தெரியவில்லை. மூன்று பேர் ஸ்லைகோக்காரர்கள், அவ்வளவு பாட்டு விளைகிற இடம், அதில் ஒரு துளிகூட உள்ளே வரவில்லை என்பதுதான் என் வருத்தம். தனித்தனியாக இரண்டு மூன்று பாட்டு கேட்டுக்கொள்ளுங்கள், காசு கொடுத்து வாங்க வேண்டாம்.

போக்ஸ் 1982-ல் லண்டனில் உருவான குழு, அதனால் இவர்களை ஐரிஷ் என்று சொல்லலாமா என்று ஒரு பழைய சண்டை உண்டு. எனக்கு அதில் சந்தேகமே இல்லை. பிழைக்க லண்டன் போன ஐரிஷ்காரர்களின் பாட்டு இது, ஷேன் மெக்கௌவனே ஐரிஷ் பெற்றோருக்கு இங்கிலாந்தில் பிறந்தவர். எல்விஸ் காஸ்டெல்லோ தயாரித்த 1985 ஆல்பத்தை வாங்குங்கள், இவர்களின் புகழ்பெற்ற கிறிஸ்துமஸ் பாட்டை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம். பங்க் வேகத்தில் அக்கார்டியனும் விசிலும் பாஞ்சோவும் ஓட, பல் போன வாயால் மெக்கௌவன் பாடுகிறார், வார்த்தைகள் ஒன்றின் மேல் ஒன்று விழுகின்றன. 'எ பேர் ஆஃப் பிரவுன் ஐஸ்' பாட்டில் ஒருவன் மதுக்கடையில் உட்கார்ந்து போரில் கால் கை போனவர்களின் கதையை ஒரு கிழவரிடம் கேட்டுக்கொண்டிருக்கிறான், பின்னணியில் ஜூக்பாக்ஸ் பாடிக்கொண்டிருக்கிறது. மெட்டைக் கேட்டால் இருநூறு வருஷம் பழசு என்று சத்தியம் செய்வீர்கள். மெக்கௌவன் 2023 நவம்பரில் காலமானார்.

இனி லங்கம். சமீபத்தில் வந்தவற்றில் ஒன்றே ஒன்று வாங்குவேன் என்று சொல்பவருக்கு நான் கொடுப்பது 'ஃபால்ஸ் லங்கம்', 2023. டப்ளினைச் சேர்ந்த நான்கு பேர். முதல் பாட்டில் துணைக்கு எதுவும் இல்லாமல் ரேடி பீட் பாட ஆரம்பிக்கிறார், காதலில் செத்துப்போகிற பெண்ணின் பாட்டு, 'என் குழியை வெட்டுங்கள்' என்று. அழகுபடுத்தாத, மூக்கிலிருந்து வருகிற, நேரான குரல். பிறகு அடியில் சுருதி ஒன்று நுழைகிறது, ஆர்மோனியம் மாதிரியா இயந்திரம் மாதிரியா என்று சொல்ல முடியாத ஒரு உறுமல், அது கூடிக்கொண்டே போய் எட்டாவது நிமிஷத்தில் அறையே அதிர்கிறது. பழைய அயர்லாந்தில் சாவு வீட்டில் பெண்கள் கூடி ஒப்பாரி வைப்பார்கள், அந்த வழக்கத்தை மனதில் வைத்துத்தான் இதைச் செய்திருக்கிறார்கள். பிளாங்ஸ்டி பழைய பாட்டுக்குள் வெளிச்சத்தை விட்டார்கள் என்றால், இவர்கள் அதற்குள் எவ்வளவு இருட்டு இருக்கிறது என்று காட்டுகிறார்கள், இரண்டும் அந்தப் பாட்டுகளில் ஏற்கனவே இருந்தவைதான். மொத்தம் எழுபது நிமிஷம் ஓடும். நடுவில் வரும் இசைத்துண்டுகள் மூச்சுவிட இடம் கொடுக்கின்றன, ஆனாலும் ராத்திரி தனியாக இருக்கும்போது முதல் தடவை கேட்காதீர்கள் என்பது அக்கறையோடு சொல்வது.

ஃபொன்டெய்ன்ஸ் டி.சி.யில் டி.சி. என்பது டப்ளின் சிட்டி. 2019-ல் வந்த 'டாக்ரல்' சுறுசுறுப்பான பங்க், க்ரியன் சாட்டன் டப்ளின் தெரு உச்சரிப்பிலேயே முழுக்கப் பாடுகிறார். ஆனால் நான் வைத்திருக்கச் சொல்வது 2022-ல் வந்த 'ஸ்கின்டி ஃபியா', குழு லண்டனுக்குக் குடிபெயர்ந்த பிறகு செய்தது. முதல் பாட்டின் ஐரிஷ் தலைப்புக்கு 'எங்கள் இதயங்களில் என்றென்றும்' என்று அர்த்தம். இங்கிலாந்தின் கோவென்ட்ரியில் இறந்த ஒரு ஐரிஷ் அம்மாவின் கல்லறையில் அந்த வாசகத்தைப் பொறிக்க அவர் குடும்பம் கேட்டது, மொழிபெயர்ப்பு இல்லாமல் வைத்தால் அரசியல் கோஷமாக எடுத்துக்கொள்ளப்படலாம் என்று தேவாலய நீதிமன்றம் மறுத்துவிட்டது, மேல்முறையீட்டில்தான் அனுமதி கிடைத்தது. பாட்டில் அந்த வரியைக் கூட்டுக்குரலில் திரும்பத் திரும்பப் பாடுகிறார்கள், வேறு எந்த விளக்கமும் கிடையாது. சொந்த மொழியில் ஒரு வரி எழுத அனுமதி கேட்க வேண்டியிருப்பது எப்படிப்பட்டது என்று யாரும் நமக்கு விளக்கத் தேவையில்லை, அதனால்தானோ என்னவோ இந்தப் பாட்டு என்னை அவ்வளவு பாதித்தது.

கடைசியாக நீகேப். வடக்கு அயர்லாந்தைச் சேர்ந்த மூன்று பேர், ஐரிஷும் ஆங்கிலமும் கலந்து ராப் பாடுகிறவர்கள், அதில் ஒருவர் அயர்லாந்துக் கொடியின் மூவர்ணத்தில் முகமூடி போட்டுக்கொண்டுதான் மேடை ஏறுவார். 'ஃபைன் ஆர்ட்' 2024-ல் வந்தது, ஒரு கற்பனை மதுக்கடைக்குள் நடக்கிற ஒரு இரவாக ஆல்பத்தை அமைத்திருக்கிறார்கள். வார்த்தைகளில் போதையும் கெட்ட வார்த்தையும் ஏராளம், வீட்டில் சின்னப் பிள்ளைகள் இருந்தால் ஹெட்ஃபோனில் கேளுங்கள். நடுவில் இரண்டு பாட்டு எனக்கு ஒட்டவில்லை, வெறும் கூச்சலாகத் தோன்றியது. ஆனால் பள்ளிக்கூடத்துப் பாடமாக மட்டுமே பலருக்குத் தெரிந்த ஒரு மொழி இங்கே திட்டுகிறது, சிரிக்கிறது, கடன் கேட்கிறது. ஒரு பாட்டில் க்ரியன் சாட்டன் வந்து பாடிவிட்டுப் போகிறார். முதல் பாட்டிலோ, அந்தக் கடைக் கதவைத் திறந்து நாம் உள்ளே போகும்போது நம்மை வரவேற்கிறது லங்கத்தின் ரேடி பீட், சாவு வீட்டில் கேட்ட அதே குரல்.